முதலில் எந்தக் கொலையைப் படிக்கலாம்?

எங்கள் வாசிப்புக் குழுவில் ஐந்து பேர்தான். மாதம் ஒரு நாவல், கடைசி ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேச்சு, பஜ்ஜி, காபி. அகதா கிறிஸ்டியை வைத்தே ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டோம். அடுத்து என்ன என்று பேச்சு வந்தபோது, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் நிபந்தனை போட்டார்: "கொலை இருக்கட்டும். ஆனா ராத்திரி லைட்டை அணைக்கப் பயப்படுற மாதிரி வேண்டாம். கொஞ்சம் சிரிக்கணும். துப்பறியுற ஆளு வீட்டுக்கு வந்தா உக்காரச் சொல்லி காபி கொடுக்கத் தோணணும்."

நான் கை தூக்கினேன். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் துப்பறியும் நகைச்சுவை மர்ம நாவல்களைப் பல வருஷமாகப் படித்துவருகிறேன். அக்கா சொன்ன மூன்று நிபந்தனைகளுக்கும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் வேறு வகை எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டு, யாராவது முகம் சுளிப்பார்களோ என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். யாரும் சுளிக்கவில்லை. "சரி, அதுல நல்லது எது? ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார் அக்கா. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் பழைய புத்தகங்களைப் புரட்டி, குழுவுக்காக எழுதிய குறிப்பைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

தொழில்முறையில் இல்லாத, அமெச்சூர் துப்பறிவாளரின் கதைகளுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. கேக் கடை நடத்துபவரோ நூலகரோ ஒரு பிணத்தைப் பார்த்தால், போலீஸுக்குப் போன் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதுதானே இயல்பு? ஏன் அவரே போய் மூக்கை நுழைக்க வேண்டும்? எழுத்தாளர் ஏதாவது ஒரு சாக்கு கண்டுபிடிப்பார். நாமும், பாவம், போகட்டும் என்று ஏற்றுக்கொள்வோம். தன்பாலீர்ப்பாளர் நாவல்களில் அந்தச் சாக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை, வரலாறே எடுத்துக் கொடுத்துவிட்டது. 1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்ததும் கிளம்பிய எதிர்ப்பு உலகப் பிரசித்தம். ஆனால் அதுபோன்ற சோதனைகள் அமெரிக்க நகரங்களில் அதற்கு முன்பே வாடிக்கையாக நடந்தவை. பிடிபட்டவரின் பெயர் செய்தித்தாளில் வரலாம், வேலை போகலாம், வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லலாம். இந்த உறவைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டங்கள் அங்கே உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாமல் போனது 2003 ஜூன் 26 அன்றுதான். இங்கே இதையே குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆவது பிரிவின் கதை 2018 செப்டம்பர் 6 வரை இழுத்தது, பலருக்கும் நினைவிருக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் கொலையாகிவிட்டால், சாட்சி சொல்லப் போகிறவன் முதலில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்க வேண்டும். செத்தவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்ததும் போலீஸ்காரருக்குப் பாதி ஆர்வம் போய்விடும். அப்புறம் யார் விசாரிப்பது? பழகியவர்கள்தான். மதுக்கூடத்தில் கிளாஸ் துடைப்பவர் கேட்டால் சொல்வார்கள். சீருடை கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பல வருஷம் தன்னை மறைத்து வாழ்ந்தவனுக்கு, எதிராளி எதையோ மறைக்கிறார் என்பது சட்டென்று பிடிபடும். எந்தக் கேள்விக்குக் குரல் மாறுகிறது, எந்தப் பெயரைச் சொன்னால் கண் தாழ்கிறது என்று பார்ப்பது அவன் பிழைப்புக்காகக் கற்றுக்கொண்ட வித்தை. கேலிப் பேச்சும் அதே பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அடி விழுவதற்கு முன் சிரிக்க வைத்துவிட்டால் சில சமயம் தப்பித்துவிடலாம்.

அதனால் எந்த வரிசையை எடுத்தாலும் நான் கேட்டுக்கொண்டது இதைத்தான்: இந்த ஆள் ஏன் இதைப் போலீஸிடம் விட்டுவிட்டுப் போகவில்லை? இதற்குப் பதில் உறுதியாக இருக்கும் நாவலில் சிரிப்பும் உறுதியாக இருக்கிறது. பதில் நொண்டினால் ஜோக்கும் நொண்டுகிறது.

முதலில் சிலவற்றைக் கழித்துவிடுகிறேன். ஜோசஃப் ஹான்சன் 1970இல் தொடங்கிய டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் வரிசை இந்தத் துறையின் மூலவர் சன்னிதி மாதிரி, 12 நாவல்கள். ஆனால் டேவ் காப்பீட்டு நிறுவனத்துக்காக விசாரணை செய்பவர், தொழில்முறை ஆள், கதைகளும் இறுக்கமானவை. சிரிக்க முடியாது. ரிச்சர்ட் ஸ்டீவன்சனின் டொனால்ட் ஸ்ட்ராச்சி நக்கல்காரர்தான், ஆனால் தனியார் துப்பறிவாளராக அலுவலகம் வைத்திருப்பவர். மார்க் ரிச்சர்ட் ஜுப்ரோ 1989இல் தொடங்கிய வரிசையில் சிகாகோப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் அவருடைய துணையான பேஸ்பால் வீரரும் துப்பறிகிறார்கள். இருவரும் அமெச்சூர், இருவரும் நல்லவர்கள். தன்பாலீர்ப்பாளர் எழுத்துக்கென்று அமெரிக்காவில் தரப்படும் லாம்ப்டா விருதும் முதல் நாவலுக்குக் கிடைத்தது. ஆனால் அந்தக் கதைகளின் அடியில் கோபம்தான் ஓடுகிறது. அது நியாயமான கோபம். பஜ்ஜியோடு போகாது, அவ்வளவுதான்.

மிச்சமிருப்பவற்றில் நான் உண்மையாகத் தடுமாறியது நான்கு வரிசைகளுக்கு இடையில்.

முதலாவது, நேதன் ஆல்டைன் என்ற பெயரில் வந்த நான்கு நாவல்கள்: 'வெர்மிலியன்' (1980), 'கோபால்ட்' (1982), 'ஸ்லேட்' (1984), 'கேனரி' (1986). எல்லாம் நிறங்களின் பெயர். ஆல்டைன் என்று ஒருவர் கிடையாது. மைக்கேல் மெக்டவல், டென்னிஸ் ஷூட்ஸ் என்ற இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. துப்பறிபவர்களும் இருவர். பாஸ்டனில் மதுக்கூடத்தில் வேலை செய்யும் டேனியல் வேலன்டைன், அவருடைய உயிர்த்தோழி கிளாரிஸ் லவ்லேஸ். கிளாரிஸுக்கு வீடு, மனை வாடகைக்குப் பிடித்துத் தரும் வேலை. ஒருவருக்கு ஊரின் ரகசியம் தெரியும், இன்னொருவரிடம் ஊரின் சாவிகள் இருக்கும். துப்பறிய இதைவிட நல்ல கூட்டணியை யோசித்துப் பாருங்கள்!

'வெர்மிலியன்' ஒரு குளிர்கால நாவல். தெருவில் உடலை விற்றுப் பிழைத்த இளைஞன் ஒருவனின் பிணம், தன்பாலீர்ப்பாளர்களைத் திட்டியே பெயர் வாங்கிய மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டுப் புல்வெளியில் கிடக்கிறது. அரசியல்வாதிக்கு அவமானம், போலீஸுக்கு நெருக்கடி. நெருக்கடி வந்தால் போலீஸ் எங்கே பாயும்? மதுக்கூடங்கள் மீது. ஆக வேலன்டைன் ஏன் இதில் இறங்குகிறார் என்ற கேள்வியே எழுவதில்லை. கொலைகாரன் பிடிபடும்வரை அவருடைய ஊரே நிம்மதியாகத் தூங்க முடியாது. நான்கு வரிசைகளிலும் என் கேள்விக்கு மிக அழுத்தமாகப் பதில் சொல்வது இதுதான்.

சிரிப்பு வருவது அந்த இருவரின் பேச்சில். கணேஷ்-வசந்த் பேச்சில் வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி உடனே பிடிபடும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். ஒரே வித்தியாசம், இங்கே பெண்ணைப் பார்த்து யாரும் ஜொள்ளு விடுவதில்லை. ஆணும் பெண்ணும் காதல் என்ற பேச்சே இல்லாமல் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியும் என்பதே 1980இல் மர்ம நாவலுக்குப் புதுசுதான். கிளாரிஸ் வெறும் ஒத்தாசைக்கு வருபவரும் இல்லை. பல இடங்களில் மூளை அவர்தான். இவ்வளவு கேலிக்கு நடுவிலும் செத்த பையனை வைத்து ஒரு ஜோக் கிடையாது. உயிரோடு இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த நாசூக்கு எல்லோருக்கும் வருவதில்லை.

இந்த மெக்டவலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனசில்லை. திகில் நாவல்கள் எழுதியவர், 1988இல் வந்த 'பீட்டில்ஜூஸ்' படத்தின் கதையிலும் திரைக்கதையிலும் பங்கு அவருக்கு. மரணத்தைப் பற்றிய 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்களின் மனப்போக்கை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். சவப்பெட்டியில் பதிக்கும் பெயர்த் தகடு, துக்க காலத்தில் அணியும் நகை, பிணங்களின் பழைய புகைப்படம் என்று வாழ்நாள் முழுக்கச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பு இப்போது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சாவை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்த மனிதரிடமிருந்துதான் இந்த இலகுவான கை வந்திருக்கிறது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அமெரிக்காவில் வந்தது 1981 ஜூனில், 'வெர்மிலியன்' வந்த மறு வருஷம். ஷூட்ஸ் 1989இல் இறந்தார். மெக்டவல் 1999இல், எய்ட்ஸ் தொடர்பான நோயால். முதல் நாவலில் யாரோ ஒருவர் இரவு முழுக்க ஆடிவிட்டு வீடு திரும்பும் இடத்தைப் படிக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும், படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அது நாவலின் குற்றம் இல்லை.

குறை? காலம். 1980இன் பாஸ்டன் பேசிய வசவுகள் அப்படியே இருக்கின்றன. முன்பின் தெரியாதவர்களோடு உறவு, ஒரு இரவுச் சந்திப்புகள் எல்லாம் சாதாரணமாக வந்துபோகும். விவரிப்பு குறைவு, பேச்சு அதிகம். இந்த உலகத்துக்குள் முதல் முறை நுழைபவருக்கு அரைப் புத்தகம்வரை யார் யார் என்றே குழப்பமாக இருக்கும். சேர்ந்து படிக்கிறவர்கள் வேண்டுமானால் 'கோபால்ட்'டிலிருந்து தொடங்கலாம். அது கோடையில் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் நடப்பது, வெயிலும் கூத்தும் நிறைய.

இரண்டாவது, கிராண்ட் மைக்கேல்ஸ் எழுதிய ஸ்டான் கிரேச்சிக் வரிசை; 1990 முதல் 1998 வரை ஆறு நாவல்கள். அதே பாஸ்டன்தான், ஆனால் கதாநாயகன் முடிதிருத்தும் கலைஞர். சலூனில் எல்லோரும் அவரை 'வான்னோஸ்' என்று தொழில் பெயரில் கூப்பிடுகிறார்கள். சலூன் பெஞ்சில் தினத்தந்தி படித்துக்கொண்டே ஊர்க்கதை கேட்டவர்களுக்கு, முடிவெட்டுபவர் ஏன் நல்ல துப்பறிவாளர் என்று விளக்க வேண்டியதில்லை. தலையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் வாயும் தானாகத் திறந்துவிடும்.

முதல் நாவலின் தலைப்பு 'எ பாடி டு டை ஃபார்'. ஆங்கிலத்தில் சாவதற்கும் சாயம் பூசுவதற்கும் ஒரே ஒலி. தமிழில் சாவு, சாயம் என்று கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்து நிற்கிறது, ஆனால் தொடவில்லை. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் வனக்காவலர் ஒருவர் ஸ்டானின் வாடிக்கையாளர் வீட்டில் பிணமாகக் கிடக்க, சந்தேகம் ஸ்டான் மேலேயே திரும்புகிறது. அவர் பாஸ்டனிலிருந்து கலிஃபோர்னியாவரை அலைகிறார். தன் கழுத்துக்கே கயிறு வரும்போது துப்பறியாமல் என்ன செய்வார்? காரணம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்தடுத்த நாவல்களில் அந்தக் காரணம் மெலிந்துகொண்டே போகிறது. சாக்லேட் கம்பெனி, பாலே நடனக் குழு, ஓப்பரா விழா என்று போகும் இடமெல்லாம் பிணம் விழுந்தால், வாடிக்கையாளர்களே முடிவெட்டிக்கொள்ளப் பயப்பட வேண்டாமா?

ஸ்டானின் வாய் இந்த வரிசையின் பலம், அதுவே பலவீனமும். பிராங்கோ என்ற போலீஸ் லெஃப்டினன்ட் மீது அவருக்கு நடக்காத ஆசை. பிராங்கோவுக்குப் பெண்கள்தான் பிடிக்கும் என்று தெரிந்தே ஸ்டான் ஏங்குவது முதல் நாவலில் பிரமாதமாகச் சிரிக்க வைக்கும். நான்காவதில் "அப்பா, விட்டுவிடேன்" என்று சொல்லத் தோன்றும். பெண் வாடிக்கையாளர்களின் தோற்றத்தை வைத்துச் செய்யும் கிண்டலும் சில இடங்களில் புளிக்கிறது. சலூன் முதலாளியும் தோழியுமான நிக்கோல் வரும் பக்கங்களில் மட்டும் ஸ்டான் அடங்கிப் பேசுகிறார், அந்தப் பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை. இன்னொரு சிக்கல் நடைமுறை சார்ந்தது: சிலேடை அதிகம். ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாகப் படிப்பவர்களுக்கு, எங்கள் குழுவில் இரண்டு பேர் அப்படி, பாதி ஜோக் கைநழுவிப் போகும்.

மூன்றாவது வரிசைக்கு அமெரிக்காவை விட்டு இஸ்தான்புல் போக வேண்டும். துருக்கிய எழுத்தாளர் மெஹ்மெத் முராத் சோமெர் எழுதிய 'ஹோப்-சிக்கி-யாயா' வரிசை. வரிசையின் பெயரே ஒரு வேடிக்கை. 1960களில் கல்லூரி மாணவர்கள் விளையாட்டு மைதானத்தில் போட்ட கோஷம் அது. பிறகு நகைச்சுவை மேடைகளில் தன்பாலீர்ப்பாளரைக் கிண்டல் செய்யும் சொல்லாகத் தேய்ந்துபோனது. கிண்டலுக்கு வைத்த பெயரையே எடுத்து நெற்றியில் பொட்டாக வைத்துக்கொள்கிறது இந்த வரிசை.

கதை சொல்பவர் பகலில் கணினிப் பாதுகாப்பு நிபுணர், ஹேக்கர். இரவில் பெண்ணுடையில் ஒரு கிளப்பை நடத்துபவர். ஆட்ரி ஹெப்பர்ன் மாதிரி உடுத்துவார், தற்காப்புக் கலையில் ஆளைத் தூக்கி எறிவார், கண்ணாடி எங்கே தெரிந்தாலும் ஒரு முறை பார்த்துக்கொள்வார். 'தி கிஸ் மர்டர்' நாவலில் கிளப்பில் வேலை செய்யும் பூசே, செல்வாக்கான ஒருவரின் பழைய கடிதங்களும் படங்களும் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அடுத்து வருவது அவள் சாவுச் செய்தி. பார்வையில்லாத அவளுடைய தாயைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு கதைசொல்லியின் தலையில் விழுகிறது. 'தி பிராஃபெட் மர்டர்ஸ்' நாவலில் கொல்லப்படுபவர்கள் எல்லோருக்கும் பெற்றோர் வைத்த ஆண் பெயர் ஒரு இறைத்தூதரின் பெயர். தூக்கிப்போட்ட பழைய பெயரே உயிருக்கு உலை வைக்கிறது. இந்த ஒரு யோசனைக்காகவே அந்த நாவலை நான் யாருக்கும் கொடுப்பேன். இந்தக் கொலைகளை வரிசையாகக் கோத்துப் பார்க்கப் போலீஸுக்கு நேரமில்லை. கிளப்பில் எல்லோருடைய இரண்டு பெயரும் தெரிந்தவர் ஒருவர்தான் கோக்க முடியும்.

குரல் என்று பார்த்தால் நான்கிலும் இதுவே முதல். தன்னைப் பற்றிய அந்தத் தற்பெருமை, அதைத் தானே கேலி செய்துகொள்ளும் விதம் இரண்டும் சேர்ந்து வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். ஆனால் துப்பு துலக்கும் இழை நடுவில் தொய்ந்துவிடுகிறது. டாக்ஸியில் ஏறுவது, உடை மாற்றுவது, இன்னொருவர் வீட்டில் வம்பு பேசுவது என்று ஐம்பது பக்கம் போய்விடும். எனக்கு அதுவே விருந்து. கிறிஸ்டிக்குப் பழகிய குழுவுக்கு, "கொலை என்ன ஆச்சு?" என்று கேட்கத் தோன்றும். திருநங்கையரைக் குறிக்க அந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் வரும் சொற்களை இன்று பலர் பயன்படுத்த மாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இஸ்தான்புல்லில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கையரும் நடத்தும் பெருமித ஊர்வலம் 2015 முதல் தடை செய்யப்பட்டே வருகிறது. அது தெரிந்து படித்தால், 2000களின் தொடக்கத்தில் எழுதிய இந்த நாவல்களின் துணிச்சலான குஷிக்கு வேறொரு அடர்த்தி வந்துவிடுகிறது.

நான்காவது, மார்ஷல் தார்ன்டன் எழுதும் 'பிங்க்ஸ் வீடியோ' வரிசை. முதல் நாவல் 'நைட் டிராப்' 2017இல் வெளியானது, லாம்ப்டா விருது பெற்றது. கதை நடப்பது 1992இல், லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில். நாயகன் நோவா வேலன்டைன் அங்கே வீடியோ கேசட் கடை நடத்துகிறார். (ஆமாம், இன்னொரு வேலன்டைன். பாஸ்டன்காரருக்கு வைத்த வணக்கமா, தற்செயலா என்று யோசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு.) ஏப்ரல் 29 அன்று தொடங்கிய பெரிய கலவரத்தில் ஊர் எரிகிறது. பக்கத்துக் கேமரா கடையும் எரிந்துபோகிறது. கலவரம் ஓய்ந்தபின் அந்தக் கேமரா கடைக்காரரிடம் பாக்கியிருக்கும் கேசட்டுகளைத் திருப்பி வாங்கப் போகிறார் நோவா. போனால், அவருடைய குடும்பத்தார் சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனிதர் தீயில் செத்துவிட்டாராம். தீயிலா செத்தார்?

வாடகைக் கேசட்டைத் திரும்பக் கேட்கப் போய் ஒரு கொலைக்குள் விழும் கதை என்று சொன்னதுமே எங்கள் குழுவில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்பதுகளில் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறை நாங்கள். திருப்பித் தராத கேசட்டுக்காக வீடு தேடி வந்த வீடியோ லைப்ரரி அண்ணனை எங்களுக்குத் தெரியும். அவர் துப்பறிந்திருந்தால் எங்கள் தெருவில் எத்தனை ரகசியம் வெளியே வந்திருக்கும்! யார் வீட்டில் எந்தப் படம் போனது என்று ஏட்டில் எழுதி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானே.

நோவாவை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அவர் சாமர்த்தியசாலி இல்லை என்பதுதான். கூச்சம், தயக்கம், துணையை இழந்த துக்கம் எல்லாம் சேர்ந்த இளைஞன். தடாலடியாகப் பேசுவதெல்லாம் கீழ்வீட்டுத் தம்பதி மார்க்கும் லூயியும். மூவரும் சாப்பிட்டுக்கொண்டே கொலையை அலசும் இடங்களில் இந்த வரிசை உச்சத்துக்குப் போகிறது. ஜோக் யாரையும் குத்துவதில்லை. ஆட்கள் அவரவர் சுபாவப்படி இருப்பதே வேடிக்கையாக இருக்கிறது. மூன்றாவது நாவலான 'லேட் ஃபீஸ்' கதையில் நோவாவின் அம்மா விருந்தாளியாக வந்து சேர்கிறார், விமானத்தில் பழகிய இன்னொரு அம்மாவின் வழியாகக் கூடவே ஒரு கொலையும் வருகிறது. பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றி எதை எவ்வளவு கேட்கலாம் என்று அந்த அம்மா தடுமாறுவதும், துப்பறிவதில் மட்டும் தடுமாறாமல் இறங்குவதும், அக்காவுக்குப் பிடிக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

காலமும் இங்கே சும்மா அலங்காரத்துக்கு இல்லை. 1992 என்றால் எய்ட்ஸுக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாக வந்த 1996க்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. நோவாவின் வயதில் இருக்கும் எல்லோருக்கும் போன மாதம் இறந்த ஒரு நண்பர் இருப்பார். இவ்வளவு சாவுக்கு நடுவில் ஒரு சாவை மட்டும், இது இயற்கையானதில்லை என்று ஒருவன் விடாப்பிடியாகச் சொல்கிறான். ஊர் கலவரத்தில் புகைந்துகொண்டிருக்கும்போது கடையோடு எரிந்த ஒருவரைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? என் கேள்விக்கு 'வெர்மிலியன்' அரசியலை வைத்துப் பதில் சொன்னது. 'நைட் டிராப்' ஓசையில்லாமல், அக்கறை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறது. குறை என்றால், மர்மம் எளிது. கிறிஸ்டியைக் கரைத்துக் குடித்தவர் முக்கால் புத்தகத்தில் ஆளைப் பிடித்துவிடுவார்.

இந்த நான்கில் சேராமல், ஆனால் சிலருக்கு இதுவே சரியாக வரலாம் என்று தோன்றுபவை: ஜோஷ் லேனியனின் ஏட்ரியன் இங்கிலிஷ் வரிசை 2000இல் 'ஃபேட்டல் ஷேடோஸ்' நாவலோடு தொடங்குகிறது. மர்ம நாவல் விற்கும் புத்தகக் கடைக்காரர், இதயம் பலவீனமானவர், தானும் ஒரு துப்பறியும் நாவல் எழுதுபவர். கடை ஊழியர் கொல்லப்பட, சந்தேகம் அவர் மேல். குறும்பான குரல்தான், ஆனால் தன்னை மறைத்து வாழும் ஒரு போலீஸ்காரரோடு அவருக்குள்ள காதல் போகப்போகக் கொலையைவிடப் பெரிதாகிவிடும், படுக்கையறையும் வரும். காதல் கதை பிடிப்பவர்கள் தைரியமாக எடுக்கலாம், அழவும் தயாராக இருங்கள். டீன் ஜேம்ஸ் 2002 முதல் 2005 வரை எழுதிய நான்கு நாவல்களில் துப்பறிபவர் ஆங்கிலேயக் கிராமத்துக்குக் குடிவந்த அமெரிக்க ரத்தக்காட்டேரி. மாத்திரை போட்டுக்கொண்டு ரத்தத்தை விட்டுவிட்டவர், பெண் புனைபெயர்களில் காதல் நாவலும் மர்ம நாவலும் எழுதிச் சம்பாதிப்பவர்! நூலகரும் பூனையுமாக வரும் மிராண்டா ஜேம்ஸ் நாவல்களைப் படித்தவர்கள் இருப்பீர்கள், அதுவும் இதே ஆள்தான். கிறிஸ்டியின் கிராமத்தை விட்டுப் பிரிய மனமில்லாதவர்களுக்கு இது. கேள்விக்குப் பதில் மட்டும் தேடாதீர்கள், ரத்தக்காட்டேரியிடம் என்ன காரணம் கேட்பது.

ராப் ஆஸ்லர் 2022இல் எழுதிய 'டெவில்ஸ் சூ டாய்' இன்றைய சியாட்டிலில் நடக்கிறது. நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஹேடன், காணாமல்போன ஒரு நடனக்காரரையும் அவர் விட்டுப்போன நாயையும் பற்றிக் கவலைப்பட்டுத் தேட ஆரம்பிக்கிறார். மொழி எளிது, ஆபாசம் இல்லை, கல்லூரி படிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். காணாமல்போனவர் வெனிசுவேலாவிலிருந்து வந்த குடியேறி என்பதால் போலீஸிடம் விட முடியாத காரணம் இன்றைக்கும் உயிரோடு இருப்பதைக் காட்டிவிடுகிறார் ஆஸ்லர். கொஞ்சம் இனிப்பு தூக்கல் என்பது என் அபிப்பிராயம்.

சரி, ஒன்றே ஒன்று. எனக்காக மட்டும் தேர்ந்தெடுத்தால் 'வெர்மிலியன்'. அதைவிட நன்றாகக் கட்டிய நாவல் இந்தக் கூட்டத்தில் இல்லை. தனியாக, மழைநாளில், குரலுக்காகவே ஒன்றைப் படிக்க வேண்டும் என்றால் 'தி பிராஃபெட் மர்டர்ஸ்'. ஆனால் அக்கா கேட்டது காபி கொடுக்கத் தோன்றும் ஆளை. வேலன்டைனுக்குக் காபி கொடுத்தால், மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். ஸ்டான் குடிப்பார், குடித்துக்கொண்டே அக்காவின் தலைச்சாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார், அதோடு நட்பு முடிந்தது. இஸ்தான்புல்காரர் டபராவில் முகம் பார்ப்பார். நோவாதான் குடித்து முடித்து டம்ளரை எடுத்துப்போய் சமையலறையில் வைப்பார்.

'நைட் டிராப்' என்று குழுவில் எழுதினேன். அடுத்த நாளே அக்கா மின்னூலை வாங்கிவிட்டார். 'கோபால்ட்' அதற்கடுத்த மாதத்துக்கு என்று முடிவாகியிருக்கிறது, 'வெர்மிலியன்' படித்தால்தான் அது புரியும் என்று ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், தேவையில்லை என்பது என் கட்சி. நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "யாரு கொன்னாங்கன்னு சொல்லிடாதே. அந்தக் கேசட்டெல்லாம் திரும்பக் கிடைச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு."